பழையது இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன வாரம் போனில் பேசும்போது, "உங்க தொழிலைப் பத்திப் பசங்களுக்குப் புரியற மாதிரி அரை மணி நேரம் பேசுங்க சார். வாழ்க்கைத் தத்துவம் வேண்டாம், அதுக்கு வேற ஆள் வச்சிருக்கோம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே தொழிலுக்கு வந்துவிடுகிறேன்.

நான் செய்வது பழைய சாமான் வேலை. பழைய எஞ்சின், பழைய மோட்டார், பழைய கம்ப்ரசர் இவற்றை வாங்கி, முழுவதும் பிரித்து, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி அல்லது சரிசெய்து, மறுபடி பூட்டி, ஓட்டிப் பார்த்து, உத்தரவாதச் சீட்டோடு விற்பது. ஆங்கிலத்தில் ரீமேனுஃபேக்சரிங் என்கிறார்கள். நாம் மறு உற்பத்தி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை ரிப்பேரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரிப்பேர் என்றால் எது உடைந்ததோ அதை மட்டும் சரிசெய்து வண்டியை அனுப்பிவிடுவோம். மறு உற்பத்தியில் கடைசி போல்ட் வரை கழற்றியாக வேண்டும்; பூட்டி முடித்த பிறகு அது புதியதற்கு உரிய அளவுகளில், புதியதற்கு உரிய வேலையைச் செய்ய வேண்டும். உலகத்தில் இது ஒன்றும் சின்னத் தொழில் அல்ல. பிரான்சில் ரெனோ நிறுவனம் 1949-லேயே ஷ்வாசி-ல-ருவா என்ற ஊரில் இதற்கென்று தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் 1973-ல் ஆரம்பித்தது. நீங்கள் ஏறிப் போகிற விமானம் தரையைத் தொடும்போது முதலில் தொடுகிற டயர் பெரும்பாலும் ரீட்ரெட் செய்த டயர்தான். நம் ஊரில் அரசு பஸ்ஸின் டயரும் அப்படித்தான்.

இந்தத் தொழிலில் இயந்திரம் வாங்கலாம், ஆள் பழக்கலாம், மார்க்கெட் பிடிக்கலாம். ஒரே ஒரு கேள்விதான் தினமும் தூக்கத்தைக் கெடுக்கும். கழற்றி மேஜைமேல் வைத்திருக்கும் இந்தப் பாகம் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? தாங்கும் என்று நம்பித் திரும்பப் பூட்டுவதா, காயலான் கடைக்கு அனுப்புவதா? அதிகமாகத் தூக்கிப் போட்டால் தொழில் நஷ்டம். குறைவாகத் தூக்கிப் போட்டால் நம்மை நம்பி வாங்கியவருக்கு நஷ்டம். சில சமயம் உயிர் நஷ்டம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். பழைய பொருளின் மிச்ச ஆயுளை அதன் வயது சொல்லாது. அது பட்ட பாடுதான் சொல்லும். அந்தப் பாட்டை யாராவது எழுதி வைத்திருந்தால்தான் நமக்குத் தெரியும்.

வயது சொல்வதும் சொல்லாததும்

ஒரு உதாரணம். கோவை மாவட்டத்தில் இரண்டு தோட்டங்கள். இரண்டிலும் ஒரே கம்பெனியின் 5 எச்.பி. மோட்டார், ஒரே வருடம் வாங்கியது. ஒன்று டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வோல்டேஜ் சரியாக வரும். மற்றொன்று லைனின் கடைக்கோடியில். வோல்டேஜ் இறங்கினால் அதே தண்ணீரை ஏற்ற மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கும், காயில் சூடாகும். காயிலின் இன்சுலேஷனுக்கு நாமெல்லாம் படித்த ஒரு கட்டை விரல் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 20 டிகிரி கூடினால் கால்வாசி. ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெயின்ட், ஒரே பெயர்ப் பலகை, ஒரே வயது. உள்ளே ஒன்று இளைஞன், மற்றொன்று கிழவன்.

பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. இரட்டிக்கக்கூட வேண்டாம்; 20 சதவீதம் மட்டும் கூட்டுங்கள், ஆயுள் 100-லிருந்து 58-க்கு இறங்கிவிடும். பர்மிட்டுக்கு மேல் லோடு ஏற்றும் லாரியும், அளவாக ஏற்றும் லாரியும் ஒரே கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். கிலோமீட்டர் மீட்டர் லோடைச் சொல்லாது.

பழைய ரிப்பேரும் பொருளின் வரலாற்றில் சேர்ந்ததுதான். மோட்டார் எரிந்துபோனால் பழைய காயிலை எடுக்க நம் ஊர் வைண்டிங் கடைகளில் ஸ்டேட்டரைத் தீயில் போடுகிற வழக்கம் உண்டு. வெப்பம் கட்டுப்பாடு இல்லாமல் சுமார் 370 டிகிரிக்கு மேலே போனால், இரும்புத் தகடுகளுக்கு இடையில் உள்ள மெல்லிய இன்சுலேஷன் கெட்டுப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல செம்புக் கம்பியில் காயில் கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சூடாகும். கம்பி புதுசு, வார்னிஷ் புதுசு. ஆனால் அடிப்படையில் அடி வாங்கிய மோட்டார். அதனால்தான் காயில் கட்டுவதற்கு முன்னால் கோர் லாஸ் டெஸ்ட் செய்யுங்கள் என்று என் ஆட்களிடம் ஓயாமல் சொல்லுவேன்.

வைபுல் என்ற பெரியவர்

மாணவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

வாலோடி வைபுல் என்று ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர் ஒருவர். 1951-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் எங்கள் தொழிலுக்கு அரிச்சுவடி. ஒரே ஒரு கணக்கு முறையை வைத்துக்கொண்டு எஃகின் வலிமையிலிருந்து அவரை விதையின் அகலம் வரை ஏழு உதாரணங்களுக்குப் பொருத்திக் காட்டினார். அதில் ஒன்று இந்தியப் பருத்தி நூலிழையின் வலிமை. பஞ்சாலை ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு ஒருமுறை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கணக்கில் பீட்டா என்று ஓர் எண் வரும். அதுதான் பழையதின் ஜாதகம். ஒரு பொருளில் 100 உருப்படிகளை ஓட விட்டால் 10,000 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 63 பழுதாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். புதியது ஒன்று, 8,000 மணி நேரம் ஓடி இன்னும் நல்ல நிலையில் இருக்கும் பழையது ஒன்று. இரண்டும் அடுத்த 2,000 மணி நேரம் பழுதில்லாமல் ஓடுமா?

பீட்டா 3 என்றால், அதாவது தேய்ந்து தேய்ந்து பழுதாகும் பொருள் என்றால், புதியதில் 100-க்கு 99 தாங்கும். பழையதில் 61-தான் தாங்கும். இது நாம் எதிர்பார்ப்பதுதான்.

பீட்டா 1 என்றால் புதியதிலும் 82, பழையதிலும் 82. எப்போது பழுதாகும் என்பதற்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. இடி விழுந்து கெடுகிற பொருள் மாதிரி. இடிக்குப் புதுசு பழசு தெரியாது.

பீட்டா 0.5 என்றால்தான் வேடிக்கை. புதியதில் 64 தாங்கும். பழையதில் 90 தாங்கும்! தவறாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சோல்டர் சரியாக ஒட்டாதது, அசெம்பிளியில் கோளாறு இருந்தது இவையெல்லாம் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும். விழாமல் 8,000 மணி நேரம் கடந்தது, பரீட்சையில் தேறிய பிள்ளை. சில எலெக்ட்ரானிக் பாகங்களில் இதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பாகத்தைப் பழசு என்பதற்காகவே தூக்கி எறிந்து புதுசு போட்டால், காசையும் செலவழித்து நம்பகத்தன்மையையும் குறைத்துக்கொள்கிறோம்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் 1978-ல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். விமான பாகங்கள் எப்படிப் பழுதாகின்றன என்று ஆராய்ந்ததில், வயது ஏற ஏறப் பழுது கூடுகிற ரகம் 11 சதவீதம்தான் என்று கண்டார்கள். மிச்சம் 89 சதவீத பாகங்களுக்கு, "இத்தனை மணி நேரம் ஆச்சு, மாத்திடு" என்ற விதியால் பயனே இல்லை. அதிலும் 68 சதவீதம், ஆரம்பத்தில் அதிகமாகப் பழுதாகிப் பிறகு சீராக ஓடும் ரகம். உங்கள் பட்டறையில் இதே சதவீதம் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விமானம் வேறு, பம்புசெட் வேறு. ஆனால் பழசானாலே மோசம் என்ற நம் பொதுப்புத்தியைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

வந்தவர்களை மட்டும் எண்ணக் கூடாது

சரி, பீட்டாவை எப்படிக் கண்டுபிடிப்பது? பழுதான கணக்கு வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இந்த அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் செட்டில் இன்று வந்திருப்பவர்களை மட்டும் பார்த்து ஒருவர் கணக்கெடுத்தால், "இந்தக் காலேஜில் படித்தவர்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியம், நல்ல வசதி, நல்ல தொப்பை" என்று முடிவுகட்டிவிடுவார். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருப்பவரும், டிக்கெட்டுக்குக் காசில்லாதவரும், வெளிநாட்டில் லீவு கிடைக்காதவரும் அந்தக் கணக்கில் இல்லை.

எங்கள் ஷெட்டிலும் அதே கதைதான். திரும்பி வருகிற பழைய பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் பொருள்களுக்கும் பிரதிநிதி அல்ல. கெட்டுப்போனதுதான் பெரும்பாலும் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பது எதற்கு நம்மிடம் வரப்போகிறது? வந்ததை மட்டும் வைத்துச் சராசரி ஆயுள் போட்டால் உண்மையைவிடக் குறைவாக வரும். அதனால், "இன்ன தேதி வரை பழுதாகாமல் ஓடுகிறது" என்ற தகவலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புள்ளியியலில் இதற்கு முறை இருக்கிறது. சென்சார்டு டேட்டா என்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே ஓர் அத்தியாயம் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட வேண்டாம். எங்களுக்குச் சோறு போடும் அத்தியாயம் அது.

பொருளே நாட்குறிப்பு எழுதினால்

கூட்டத்தின் கணக்கு நூறில் எத்தனை தாங்கும் என்று சொல்லும். ஆனால் என் மேஜைமேல் இருப்பது நூறு அல்ல, ஒன்று. அந்த ஒன்றின் கதை எனக்கு வேண்டும். கொண்டுவருபவரைக் கேட்டால், "லோடே ஏத்தலீங்க, வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருந்தேன்" என்பார். எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க.

ஆகவே பொருளே தன் கதையை எழுதிக்கொண்டால் என்ன என்று யோசித்தார்கள். 1998-ல் கிளாஸ்னர், கிரிம், ஹெண்ட்ரிக்சன் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பாஷ் நிறுவனமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. கையில் பிடித்து வேலை செய்யும் மின்கருவியின் மோட்டாரோடு ஒரு சின்ன சர்க்யூட்டைச் சேர்த்தார்கள். எத்தனை மணி ஓடியது, எத்தனை முறை சுவிட்ச் போடப்பட்டது, எவ்வளவு சூடானது என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். கருவி பழுதாகித் திரும்பி வந்ததும், மோட்டாரைப் பிரிக்காமலே, அந்தக் குறிப்பைப் படித்து மறுபடி பயன்படுத்தலாமா என்று தீர்மானிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதையும் அவர்களே கணக்குப் போட்டார்கள். விற்கிற ஒவ்வொரு கருவியிலும் அந்த சர்க்யூட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டும். ஆனால் திரும்பி வரப்போவது சிலதுதான். அந்தச் சிலதில் மிச்சமாகும் பணம், எல்லாவற்றிலும் செலவான பணத்தைவிட அதிகமாக இருந்தால்தான் கட்டும். எத்தனை சதவீதம் திரும்பி வரும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பொருளை விற்றதோடு உறவு முடிந்தது என்று நினைக்கும் கம்பெனிக்கு இது ஒத்துவராது. திரும்ப வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்குத்தான் லாபம்.

2007-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கூட்டத்தின் சராசரி ஆயுளுக்கு வைபுல் கணக்கையும், தனி ஒரு பாகம் இதுவரை எவ்வளவு உழைத்துத் தேய்ந்திருக்கிறது என்பதற்கு நியூரல் நெட்வொர்க்கையும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்ச ஆயுளை மதிப்பிட்டார்கள். ஏ.ஐ. ஏ.ஐ. என்று இன்று எல்லாரும் பேசுகிறோமே, எங்கள் தொழிலுக்குள் அது ஓசைப்படாமல் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன.

கண்ணுக்குத் தெரியாத கோடு

கதையும் இல்லை, குறிப்பும் இல்லை என்றால் என்ன செய்வது? நம் நாட்டில் பெரும்பாலும் அந்த நிலைதான். அப்போது பொருளையே சோதிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு லாரி வைத்து, தானே ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் எங்கள் ஷெட்டுக்கு எஞ்சின் கொண்டுவந்தார். கிராங்க் ஷாஃப்டைக் கழற்றிக் கழுவினோம். ஜர்னல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் தேய்த்து அதற்கேற்ற பேரிங் போட்டால் போதும் என்று தோன்றியது. வழக்கப்படி கிராக் டெஸ்டுக்கு அனுப்பினேன். ஷாஃப்டுக்குக் காந்தம் ஏற்றி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டில் புற ஊதா விளக்கில் பார்ப்பது அந்தச் சோதனை. விரிசல் இருந்தால் அங்கே துகள் கூடிப் பச்சைக் கோடாகத் தெரியும். ஜர்னல் முடிந்து வளைவு ஆரம்பிக்கிற ஃபில்லட்டில் ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய கோடு.

வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம். "ஏனுங்க, கண்ணுக்கே தெரியாத கோட்டுக்காகவா ஷாஃப்டையே தூக்கிப் போடச் சொல்றீங்க?"

"நமக்குத் தெரியலீங்க. திம்பம் மேட்டுல லோடோட ஏறும்போது அதுக்குத் தெரியுங்க" என்றேன்.

"நீங்க தேய்ச்சுத் தரலீன்னா வேற பட்டறையில தேய்ச்சுக்கிறேன். புதுசு போட எனக்குச் சக்தி இல்லீங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மாதத் தவணை அவர் கழுத்தில் நிற்கிறது. வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். வெறுமனே "முடியாது" என்று சொல்லி அனுப்பினால், அந்த விரிசல் ஷாஃப்ட் வேறு எங்கேயோ பளபளப்பாகத் தேய்க்கப்பட்டு மலைப்பாதையில் ஏறும். என் கைகழுவியாயிற்று என்று நான் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள்?

அவரை இருட்டறைக்கு அழைத்துப் போய் விளக்கைப் போட்டுக் காட்டினேன். கோட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எங்கள் கையிருப்பில் சோதித்துத் தேறிய ஷாஃப்ட் ஒன்று இருந்தது. அதைப் பூட்டித் தருகிறேன், பாதிப் பணம் இப்போது, மீதி மூன்று தவணை, பழைய ஷாஃப்ட் இங்கேயே இருக்கணும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவர் கண்ணெதிரிலேயே அந்த ஷாஃப்டை கேஸ் வைத்து இரண்டாக வெட்டினோம். இது எங்கள் ஷெட்டில் சட்டம். நிராகரித்த பாகத்தை முழுசாக வெளியே விடக் கூடாது. விட்டால் அது காயலான் கடை வழியாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு வேறொரு பெயரில் வந்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனை விரிசல் வந்ததைத்தான் காட்டும். விரிசல் வராத இரண்டு ஷாஃப்டுகளில், ஒன்று தன் உழைப்பில் பத்தில் ஒரு பங்கையும் மற்றொன்று பத்தில் ஒன்பது பங்கையும் முடித்திருக்கலாம். விளக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எத்தனை சுழற்சி எந்த அளவு அழுத்தத்தில் ஓடியது என்று தெரிந்தால் மைனர் 1945-ல் சொன்ன முறையில் கூட்டிப் பார்க்கலாம். தெரியாவிட்டால் அதுவும் முடியாது. ஆக, எவ்வளவு நல்ல சோதனை இருந்தாலும் கடைசியில் வரலாறுதான் கேட்கப்படுகிறது.

எங்கே கோடு போடுவது

எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரி அல்ல. ஒரு கணக்குப் பாருங்கள். 1,000 பாகங்கள் வருகின்றன, அதில் 100 கெட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை கெட்டதில் 90 சதவீதத்தைப் பிடிக்கும். நல்லதில் 5 சதவீதத்தைத் தவறாகக் கெட்டது என்று சொல்லும். அப்போது கெட்டதில் 90 பிடிபடும், 10 தப்பிக்கும். நல்லது 900-இல் 45 வீணாக வெட்டுப்படும், 855 தேறும். நாம் விற்கிற 865-இல் 10 கெட்டது; ஏறக்குறைய 86-க்கு ஒன்று. வெட்டிப்போட்ட 135-இல் 45 நல்லது, மூன்றுக்கு ஒன்று!

சோதனையை இறுக்கினால் தப்பிக்கிற கெட்டது குறையும். வீணாகிற நல்லது கூடும். தளர்த்தினால் நேர்மாறு. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டுமென்றால் கூடுதல் தகவல் வேண்டும், அதாவது அந்தப் பொருளின் வரலாறு. அது இல்லாதவரை, எங்கே கோடு போடுவது என்பது கணக்குக் கேள்வி மட்டும் அல்ல. வாஷிங் மெஷின் மோட்டார் நின்றால் ஒரு நாள் கையால் துவைப்பார்கள். அங்கே 86-க்கு ஒன்று போகலாம், உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் கிராங்க் ஷாஃப்டிலும் அந்தக் கணக்கு ஆகாது. அங்கே மூன்று நல்லது வீணானாலும் பரவாயில்லை, ஒரு கெட்டது வெளியே போகக் கூடாது. இரண்டுக்கும் ஒரே கோடு போடுகிறவன் வியாபாரியாகவும் தேற மாட்டான், இன்ஜினியராகவும் தேற மாட்டான்.

இனி வரப்போவது

மாணவர்களே, நீங்கள் வேலைக்குப் போகும் காலத்தில் இந்தக் கேள்வி எஞ்சினைவிடப் பேட்டரியில் அதிகம் வரும். மின்சார வண்டிகளின் பேட்டரிகள் பழசாகிக்கொண்டே வருகின்றன. வண்டிக்கு ஆகாத பேட்டரி வீட்டு இன்வர்ட்டருக்கும் சோலார் பேனலுக்கும் ஆகலாம். ஆனால் எத்தனை நாளைக்கு?

2019-ல் நேச்சர் எனர்ஜி இதழில் வந்த ஓர் ஆய்வில் 124 லித்தியம் அயன் செல்களை விதவிதமான வேகத்தில் சார்ஜ் செய்து பார்த்தார்கள். சில செல்கள் 150 சுற்றில் முடிந்தன. சில 2,300 சுற்று வரை ஓடின. முதல் 100 சுற்றின் தகவலை மட்டும் வைத்து, அதாவது செல்லின் கொள்ளளவு குறைய ஆரம்பிப்பதற்கு முன்பே, அதன் முழு ஆயுளைச் சுமார் 9 சதவீதப் பிழையோடு கணித்தார்கள். வயதைக் கேட்கவில்லை; அது நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய பேட்டரிச் சட்டம், மின்சார வண்டிகளின் பேட்டரிகளுக்கு பாஸ்போர்ட் ஒன்று வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரியிலிருந்து என்று நாளும் குறித்திருக்கிறது. எங்கே பிறந்தது, எதனால் ஆனது என்பதோடு உடல்நிலையும் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2022-ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்திருக்கின்றன. எங்கள் தலைமுறை அனுமானத்தில் செய்ததை உங்கள் தலைமுறை ஆவணத்தை வைத்துச் செய்யப்போகிறது.

அதற்காக மூன்று வேண்டுகோள்.

டிசைன் துறைக்குப் போகும் மாணவர்களுக்கு: நீங்கள் வரைகிற பொருளை ஒருநாள் யாரோ ஒருவர் பிரிக்கப்போகிறார் என்று நினைத்து வரையுங்கள். பசை போட்டு ஒட்டுகிற இடத்தில் திருகு போட முடியுமா என்று பாருங்கள். அது பட்ட பாட்டைக் குறித்துக்கொள்ள ஒரு வழி வையுங்கள்.

ஆலைகளிலும் பணிமனைகளிலும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு: மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரை ஆடிட்டுக்காக மட்டும் எழுதாதீர்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து முப்பது நாளையும் நிரப்புகிற பழக்கம் நம் எல்லா ஊரிலும் உண்டு. நான் பெயர் சொல்ல மாட்டேன், சிரிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த ரிஜிஸ்டரில் நீங்கள் எழுதுகிற ஆம்பியரும் டெம்பரேச்சரும்தான் பத்து வருடம் கழித்து அந்த மோட்டாரைக் காப்பாற்றுமா வெட்டுமா என்று தீர்மானிக்கப்போகிறது.

பேராசிரியர்களுக்கு: இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளை எங்கள் ஷெட்டுக்கு அனுப்புங்கள். எந்தப் பாகம் வந்தது, என்ன அளவு, ஏன் தேறியது, ஏன் வெட்டுப்பட்டது, விற்றபின் திரும்பி வந்ததா என்று வருடக்கணக்கில் எழுதிவைத்த ரிஜிஸ்டர்கள் இருக்கின்றன. கையில் கிரீஸ் ஒட்டும், மற்றபடி ஆபத்து ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. புதுப் பொருளை விற்கிறவருக்கு கம்பெனியின் பெயர் துணை நிற்கும். பழையதைப் புதுப்பித்து விற்கிறவருக்கு, தான் செய்த சோதனையும் எழுதி வைத்த கணக்கும்தான் துணை. புதுசு வாங்க வசதி இல்லாதவர்தான் பெரும்பாலும் நம்மிடம் வருகிறார். அவருக்கு நாம் கொடுக்கிற உத்தரவாதச் சீட்டில் எத்தனை மாதம் என்று போடுகிறோமோ, அந்த எண்ணுக்குப் பின்னால் நம்மிடம் ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் ஆறு மாதத்துக்குத்தான் என்றால் ஆறு மாதம் என்றே போடுங்கள்.